சன்னம் எங்கே நிற்கும்

டென்மார்க்கில், ஒடென்சே நகரில் நான் வேலை பார்த்த வேட்டைப் பொருட் கடையில் இப்போது நம் பிள்ளைகள் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் அவர்களைக் கண்டேன். அதில் ஒருத்தி சாப்பாட்டுத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, ஆக்கள் வந்து துப்பாக்கிக்கு எந்த ரவை நல்லம் எண்டு கேட்டா என்ன சொல்லுறது?" என்று கேட்டாள்.

"பெட்டியிலை எழுதியிருக்குத்தானே, வாசிச்சுச் சொல்லலாமே" என்றேன்.

"அதை அவையளே வாசிப்பினம். வாசிச்சிட்டுத்தான் கேக்கினம்."

அது உண்மை. பெட்டியை வாசித்த பிறகும் மனம் அமையாதவருக்காகத்தான் கவுண்டருக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். கலியாண வீட்டு மேளச் சத்தத்துக்குள் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். உரிமம் பார்ப்பது, பெட்டகம் பூட்டுவது, கணக்கு முடிப்பது எல்லாம் கடையிலேயே பழக்குவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஊரிலை வெடிக்குப் பயந்து ஓடி வந்த மனுசன், இஞ்சை வந்து வெடி விக்கிறார்" என்று என் மனைவி சொந்தக்காரரிடம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனாலும் ரவைப் பெட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இது எந்தப் பக்கம் போகும் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அந்த நினைப்பால் வியாபாரம் கெட்டதில்லை.

ரவையிலிருந்து பிரிந்து பறக்கிற முன்துண்டைச் சன்னம் என்போம். அதன் மூக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது. இதை நான் படித்தது கைத்துப்பாக்கியில். டென்மார்க்கில் கைத்துப்பாக்கியால் வேட்டையாட முடியாது, சங்கத்தில் இலக்குச் சுடுவதற்கு மட்டுந்தான். ஆனால் சன்னத்தின் வடிவம் என்ன செய்யும் என்பதைக் கைத்துப்பாக்கி போல வேறொன்றும் காட்டித் தராது. ரைஃபிள் சன்னத்துக்கு வேகம் இருக்கிறது. வடிவத்தில் உள்ள குறையை அந்த வேகம் கொஞ்சம் மூடிவிடும். ரிவோல்வர் சன்னம் அதோடு ஒப்பிட்டால் மெல்லத்தான் போகிறது. அதற்கு அதன் எடையும் மூக்கும்தான் துணை.

ஒரு கோடையில் எங்கள் சங்கத்தில் பழைய பத்திரிகைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, கட்டுக்கட்டாக அடுக்கிச் சுட்டுப் பார்த்தோம். உருண்டை மூக்குச் சன்னம் ஆழமாகப் போனது, ஆனால் நேராகப் போகவில்லை. பாதி வழியில் வளைந்து, கட்டின் பக்கவாட்டால் வெளியே வந்துவிட்டது. அது விட்டுச் சென்ற துளையும் சிறியது. ஊறிய காகிதம் அதைச் சுற்றி மறுபடி மூடிக்கொண்டது. தட்டை மூக்கு அப்படி இல்லை. முன்னால் இருந்ததை வெட்டித் தள்ளிக்கொண்டு, கோடு கீறியதுபோல நேரே போய் அடுக்கின் கடைசிக் கட்டில் நின்றது. மூக்கில் குழி உள்ள சன்னம் உடம்பில் பட்டதும் பூப்போல விரியும், காயம் பெரிதாகும், ஆனால் விரிந்தபடியால் சீக்கிரம் நின்றுவிடும். அதைச் சுட எங்கள் சங்கத்தில் அனுமதி இருக்கவில்லை. படங்களில் பார்த்ததோடு சரி.

அந்தக் கோடைக்குப் பிறகு நான் தட்டை மூக்குக்காரன் ஆகிவிட்டேன். ஆழமும் நேரான போக்கும் ஒன்றாகக் கிடைக்கும்போது வேறென்ன வேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்வேன். றெஜியிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

றெஜி எங்கள் கடையின் வாடிக்கையாளர். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒடென்சேயில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசி நாட்களில் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற வேலை. கூட வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவரோடு காட்டுக்குப் போய்ப் பழகி, வேட்டை உரிமமும் எடுத்தார். நம் ஆட்களில் அது அந்த நாட்களில் அபூர்வம். கடைக்கு வந்தால் என்னோடு தமிழில் கதைக்கலாம் என்பதற்காகவே தேவையில்லாததையும் வாங்கிக்கொண்டு போவார். அவர் என்னை "அண்ணை" என்பார். நான் அவரை "நீர், உமக்கு" என்றுதான் கதைப்பேன். எங்களுக்குள் அப்படி ஒரு மரியாதை இருந்தது.

எல்லைக்குத் தெற்கே, ஜெர்மனிப் பக்கத்தில் றெஜியும் அவரின் நண்பர்களும் ஒரு வேட்டைக் காட்டில் பங்கு வைத்திருந்தார்கள். இங்கே காட்டுப்பன்றி வரக்கூடாது என்று எல்லை நீளத்துக்கு வேலி அடித்திருக்கிறார்கள் அல்லவா, அந்த வேலிக்கு அங்கால் பன்றி தாராளம். ஒரு நவம்பர்ச் சனிக்கிழமை, பன்றிகளைத் தடியோடு விரட்டிவிடுகிற கூட்டத்தில் ஆள் குறைகிறது என்று என்னையும் கூப்பிட்டார். நான் துப்பாக்கி கொண்டுபோகவில்லை. சுடுவதற்காக அல்ல, பார்ப்பதற்காகத்தான் போனேன். நீங்களும் கவுண்டரில் நிற்கத் தொடங்கிய முதல் வருடத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். விற்கிற பொருள் வேலை செய்வதைப் பார்க்காமல் விற்கக்கூடாது.

காலையில் ஒரு களஞ்சியத்துக்கு முன்னால் எல்லோரும் கூடிக் கோப்பி குடித்தோம். அங்கேதான் அந்தப் பெண்மணியைச் சந்தித்தேன். காயப்பட்டுத் தப்பியோடும் விலங்கை மோப்ப நாயைக் கொண்டு தேடிக் கண்டுபிடிப்பது அவரின் பொறுப்பு. நாற்பது வயது இருக்கும். எல்லைக்கு அங்கால் வாழும் டேனிஷ் குடும்பத்தில் பிறந்தவர். எங்களோடு டேனிஷில்தான் கதைத்தார். அஸ்தா என்று செம்மண் நிறத்தில் ஒரு நாய் அவரின் காலடியில் கிடந்தது. அவர் இடுப்பில் ஒரு ரிவோல்வர் இருந்தது. அந்த நாட்டில் காயப்பட்ட விலங்கைக் கிட்ட நின்று முடித்துவைக்க அதற்கு அனுமதி உண்டு.

கடைக்காரன் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்ன சன்னம் போட்டிருக்கிறீங்கள்?" என்றேன்.

"குழி மூக்கு."

"பன்றிக்கோ? தோளிலை தடிச்ச தோல், பெரிய எலும்பு. தட்டை மூக்கு எண்டால் நேரே உள்ளுக்குப் போகுமே."

"போகும். மற்றப் பக்கத்தாலை வெளியிலையும் வரும்" என்றார் அவர். கோபமில்லை, சிரிப்புமில்லை. "நீங்கள் பன்றியை மட்டும் யோசிக்கிறீங்கள். நான் சுடேக்கை பன்றிக்குக் கிட்ட என்ரை நாய் நிக்கும்."

நான் கோப்பியைக் குடித்தேன். ஊறவைத்த பத்திரிகைக் கட்டுக்குப் பின்னால் மண்மேடு மட்டுந்தான் இருந்தது.

காலை வேட்டையில் பன்றிக் கூட்டம் ஒன்று றெஜியின் முன்னால் ஓடியது. அவர் ஒன்றைச் சுட்டார். அது தடுமாறி, பிறகு ஓடி மறைந்துவிட்டது. விரட்டல் முடிந்து நான் அவரிடம் போனபோது முகம் வெளிறிப் போயிருந்தது.

"அண்ணை, சன்னம் விரியேல்லைப் போலை கிடக்கு. இந்தப் பெட்டி சரியில்லை. நல்லாத்தான் பிடிச்சுச் சுட்டனான்."

அந்தப் பெட்டி எங்கள் கடையில் வாங்கியது, பட்டதும் விரிகிற ரைஃபிள் ரவை. பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பொருளைக் குறை சொன்னவுடன் அதற்காக வாதாட வாய் தானாகத் திறக்கும். எனக்கும் திறந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு விலங்கு எங்கேயோ வலியோடு கிடக்கிறது. பெட்டியைப் பற்றிய பேச்சு திங்கட்கிழமை பேசலாம். "அது பிறகு பாப்பம். பட்ட இடத்தை எனக்குக் காட்டும்" என்றேன்.

காட்டினார். உதிர்ந்த இலையில் கரும் இரத்தம், அதோடு அரைத்த பச்சிலை போல ஏதோ கலந்திருந்தது. சன்னத்தில் பிழையில்லை. ஓடும் பன்றிக்கு முன்னால் பிடிக்காமல் பிந்திச் சுட்டதால் நெஞ்சுக்குப் பதில் வயிற்றில் பட்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை. குனிந்து பார்த்தவர் தானே விளங்கிக்கொண்டார்.

அந்தப் பெண்மணி வந்து பார்த்தார். "இப்ப போகேலாது. வயித்திலை பட்டது. இப்ப துரத்தினால் ஓடிக்கொண்டே இருக்கும். விட்டால் கிட்டவே எங்கையாவது படுக்கும். மத்தியானம் போவம்."

"அதுவரைக்கும் அது கஷ்டப்படுமே" என்றார் றெஜி.

"ஓம். ஆனால் துரத்தினால் இன்னும் கனநேரம் கஷ்டப்படும்."

அந்தக் காத்திருப்பை றெஜியால் தாங்க முடியவில்லை. மற்றவர்கள் நெருப்பு மூட்டித் தொத்திறைச்சி சுட்டுச் சாப்பிட்டார்கள். அவர் சாப்பிடவில்லை. களஞ்சியத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "இல்லத்திலை நான் ஒருத்தரையும் நோவிலை இழுபட விடமாட்டன் அண்ணை. மருந்து பிந்தினா டொக்டரோடையே சண்டை பிடிப்பன். இண்டைக்கு நானே ஒண்டை இழுபட விட்டிட்டு நிக்கிறன்" என்றார். நான் அவருக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தேன். அதையும் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்.

மத்தியானம் புறப்பட்டோம். அந்தப் பெண்மணி, நாய், றெஜி, நான். புறப்படும்போது அவர் தெளிவாகச் சொன்னார்: "ரைஃபிளைக் கொண்டுவாங்கோ, ஆனால் வெறுமையா. நான் சொன்னால் ஒழிய ரவை போடக்கூடாது. சுடுறது நான்."

"சரி" என்றார் றெஜி.

அஸ்தா தலையை நிமிர்த்தாமல், நீளக் கயிற்றில் எங்களை இழுத்துக்கொண்டு போனது. பீச் மரங்கள் முடிந்து, நெருக்கமாக நட்ட இளம் ஊசியிலை மரங்கள் வந்தன. நடுவில் ஒரு வாய்க்கால். அதைத் தாண்டும் இடத்தில் நாய் நின்று காற்றை மோந்தது. அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே குரைப்புக் கேட்டது. ஒரே இடத்திலிருந்து விடாமல் குரைத்தது.

"பிடிச்சு வைச்சிருக்கு" என்றார் அவர். எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மரங்களுக்குள் மறைந்தார்.

நான் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். றெஜி ஏற்கெனவே தாண்டி அந்தப் பக்கம் நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து மரங்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி. அதற்குள் பன்றி தெரிந்தது. விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, பின்கால் மடிந்தும் மடியாமலும், அஸ்தாவை நோக்கி மூக்கால் இடித்துக்கொண்டிருந்தது. அதன் மூச்சு எனக்கே கேட்டது. ஈரத் துணியைக் கிழிப்பது போன்ற சத்தம்.

பிறகு வேறொரு சத்தம் கேட்டது. ரைஃபிளின் பூட்டு பின்னே போய் முன்னே வருகிற சத்தம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கவுண்டரில் கேட்ட சத்தம், தூக்கத்திலும் தெரியும். சட்டைப் பையிலிருந்த ரவையை றெஜி ஏற்றிவிட்டார்.

துப்பாக்கி தோளுக்கு வந்தது. அவர் நின்ற கோணத்தில் பன்றி பக்கவாட்டாக, தெளிவாக இருந்தது. நல்ல வெடி. யாரும் எடுக்கக்கூடிய வெடி. ஆனால் எனக்கு இன்னொன்று தெரிந்தது. பன்றிக்கு அப்பால் அஸ்தா இடமும் வலமும் துள்ளிக்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால், ஊசியிலைகளுக்கு நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் கையகலத் துண்டு ஒன்று. அந்தப் பெண்மணியின் மேலங்கி. அவர் நாங்கள் நினைத்ததைவிடத் தூரம் சுற்றிப் போய்விட்டார். றெஜி நின்ற இடத்திலிருந்து அது மறைந்திருந்தது.

ரைஃபிள் சன்னம் அந்தப் பன்றிக்குள் நிற்காது. நாய்க்குள்ளும் நிற்காது.

பாய்ந்து துப்பாக்கியைத் தட்ட முடியாது. நடுவில் வாய்க்கால், அவர் விரல் விசையில். தட்டினால் வெடிக்கும். கத்தவும் முடியாது. கத்தினால் பன்றி கிளம்பும், கிளம்பினால் அந்தப் பெண்மணி இருக்கிற பக்கந்தான் திறந்திருந்தது. இதையெல்லாம் நான் அப்போது வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். எழுதும்போதுதான் வரிசைப்படுத்துகிறேன். அந்த நேரத்தில் வாயிலிருந்து மெல்ல வந்தது இவ்வளவுதான்:

"இறக்கடா, றெஜி. அங்காலை ஆள் நிக்குது."

அவர் தோள் அசைந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. துப்பாக்கியின் வாய் மெதுவாகக் கீழே வந்து மண்ணைப் பார்த்தது. "விரலை எடு. ரவையைக் கழட்டு" என்றேன், அதே குரலில். கழற்றினார். அது அவர் உள்ளங்கையில் விழுந்தது. இறுகப் பொத்திக்கொண்டார்.

இனி அந்தப் பெண்மணி செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் நிதானம் என்றால் என்ன என்று நான் பார்த்தது அங்கேதான். அவர் மரங்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பன்றி அவரைக் கண்டு நேரே திரும்பியது. தலை முழுக்க அவரைப் பார்த்தபடி இருந்தது. ரிவோல்வர் நீட்டியாயிற்று. சுடவில்லை. பன்றியின் நெற்றி சரிவான எலும்பு. கைத்துப்பாக்கிச் சன்னம் அதில் வழுக்கி வேறு பக்கம் போகலாம். ஓர் அடி பின்னால் வைத்து நின்றார். அஸ்தா பின்பக்கம் வந்து குரைத்தது. பன்றி நாயை நோக்கித் திரும்ப, விலாப்பக்கம் இவருக்குக் கிடைத்தது. அப்போதும் சுடவில்லை. நாய் நேர் எதிரே இருந்தது.

"சுடுங்கோவன், சுடுங்கோவன்" என்று றெஜி தனக்குள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

நாய் பன்றியின் வால்பக்கமாக நகர்ந்தது. ஒரே ஒரு வெடி. பன்றி முன்கால்களில் குந்தி, அப்படியே பக்கமாகச் சாய்ந்தது. அந்த மூச்சுச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு காட்டில் இருந்த அமைதியை எனக்கு எழுதத் தெரியவில்லை.

அந்தப் பெண்மணி பன்றியின் கண்ணைக் குச்சியால் தொட்டுப் பார்த்து, இறந்துவிட்டது என்று உறுதிப்படுத்திய பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார். நாயின் உடம்பு முழுக்கத் தடவி, காயம் ஏதும் இல்லை என்று பார்த்தார். பிறகு றெஜியின் கையிலிருந்த ரவையைப் பார்த்தார். றெஜி ஒளிக்கவில்லை.

"போட்டனான். நீங்கள் நிண்டது தெரியேல்லை. இவர் சொன்னவர், இறக்கினனான்" என்றார் டேனிஷில்.

அந்தப் பெண்மணி அஸ்தாவை மறுபடி கயிற்றில் கட்டினார். பிறகு, "இறக்கினீங்கள்" என்றார். "ஆனால் இனி என்னோடை துப்பாக்கி கொண்டு வரக்கூடாது." அவ்வளவுதான். றெஜி தலையாட்டினார். அந்தத் தண்டனை நியாயமானது என்று மூவருக்கும் தெரிந்தது.

பன்றியைக் குடல் எடுத்துத் துப்புரவாக்கும்போது அந்தப் பெண்மணி தன் சன்னத்தைத் தேடி எடுத்தார். நெஞ்சைக் கடந்து, மறுபக்கத் தோலுக்கு உள்ளே, விரலால் தடவினால் தட்டுப்படும் இடத்தில் நின்றிருந்தது. விரிந்து, ஓரம் சுருண்டிருந்தது. அதை என்னிடம் தந்து, "இதிலும் பெரிய ஆண்பன்றி எண்டால் இது பத்தாமலும் போயிருக்கும். அப்ப நீங்கள் சொன்ன தட்டை மூக்குத்தான் வேணும்" என்றார். "அப்பிடிப் பட்ட நாளிலை நாய் விலகுமட்டும் இன்னும் கனநேரம் நிண்டிருப்பன்."

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல மூக்கு என்று ஒன்று இல்லை. உருண்டை மூக்கு ஆழம் போகும், வழி மாறும். தட்டை மூக்கு நேரே போகும், நிற்காமல் போகும். குழி மூக்கு விரியும், சில வேளை போகவேண்டிய இடத்துக்கு முன்பே நிற்கும். அது எந்த விலங்கு, எவ்வளவு கிட்ட, சுற்றிலும் யார் என்று தெரியாமல் இதில் ஒன்றைப் புகழ்கிறவன் விற்பனைக்காரன் மட்டுந்தான். கேட்பவரிடம் நீங்களும் கேளுங்கள். பத்து நிமிடம் கூடப் போகும். வரிசையில் நிற்பவர் முறைப்பார். முறைக்கட்டும்.

அன்று புறப்படுமுன், அந்தப் பக்கத்து வழக்கப்படி, அந்தப் பெண்மணி ஊசியிலைக் கொப்பு ஒன்றை முறித்து, சுட்டவருக்கு மரியாதையாக றெஜியிடம் நீட்டினார். அதைத் தொப்பியில் செருக வேண்டும். றெஜி வாங்கினார். குனிந்து, அதை அப்படியே அஸ்தாவின் கழுத்துப் பட்டியில் செருகிவிட்டார்.

திரும்பும்போது நான்தான் காரை ஓட்டினேன். எல்லை தாண்டி, கோல்டிங் நகரம் தாண்டி, கடற்பாலத்தில் ஏறும்வரை றெஜி தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வீட்டில் தன் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை துப்பாக்கியை விற்கக் கொண்டுவருவாரோ என்றும் நினைத்தேன்.

"அண்ணை."

"ஓம், சொல்லும்."

"அந்த நேரம் எனக்குக் காது அடைச்சுப் போச்சு. நாய் குரைச்சது கேக்கேல்லை. ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் சொன்னது மட்டும் கேட்டது."

"தமிழிலை சொன்னபடியா இருக்கும்."

"இல்லை அண்ணை." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இவ்வளவு வருசத்திலை என்னை நீங்கள் 'டா' போட்டது இண்டைக்குத்தான். எங்கடை அண்ணன் கூப்பிட்டமாதிரிக் கிடந்தது. அதுதான் கை இறங்கினது."

அவருக்கு அண்ணன் ஒருவர் இருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. கூப்பிட்டமாதிரி என்றுதான் சொன்னார், கூப்பிடுறமாதிரி என்று சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. பாலம் முடிந்து எங்கள் ஃப்யூன் தீவு மண்ணில் கார் இறங்கியபோது, "பசிக்குதோடா?" என்றேன்.

"ஓம் அண்ணை" என்றார் றெஜி. "காலமையிலையிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."